பழைய புகைபோக்கிக்குள் ஒரு கேஸ் கணப்பு

மூணாறிலிருந்து தேவிகுளம் செல்லும் சாலையை ஒட்டிய சரிவில், கைப்பேசியின் உயரமானி 1,640 மீட்டர் என்று காட்டும் இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய பழைய வீடு. கூடத்தின் வடக்குச் சுவரில், எஸ்டேட் பங்களாக்களைப் பார்த்துக் கட்டிய ஒரு விறகுக் கணப்பும், அதன்மேல் பதினெட்டு அடி உயரத்துக்கு ஒரு புகைபோக்கியும் உண்டு. முப்பது ஆண்டுகளாக அதில் கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் மரத்தின் விறகுதான் எரித்தோம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அது போதுமானதாகவே இருந்தது. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே விறகு காய்வதில்லை. ஈர விறகின் புகை மேலே ஏறாமல் கூடத்துக்குள் திரும்பும்போதெல்லாம், எண்பது வயதைத் தாண்டிய அம்மாவுக்கு இளைப்பு வந்துவிடும். இனிப் புகை ஆகவே ஆகாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் கேஸ் கணப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

மின்சார ஹீட்டரை முதலிலேயே தள்ளிவைத்தேன். தென்மேற்குப் பருவமழை இறங்கினால் எங்கள் லைனில் மரம் விழாத வாரம் கிடையாது; குளிர் அதிகமாக இருக்கும் இரவில்தான் மின்சாரமும் போகும். கரிச்சட்டியில் கங்கு போட்டு அறைக்குள் வைக்கும் பழக்கம் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் அந்தக் காலத்தில் இருந்தது. மூடிய அறையில் கங்கு வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்வதால், தூங்கியவர் எழாமலே போகக்கூடும். ஆகவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கேஸ் கணப்பு வாங்கப் போகிறவர்களைக் கடைக்காரர்கள் முதலில் தீயின் அழகைக் காட்டித்தான் மயக்குவார்கள். பீங்கான் விறகா, கூழாங்கல்லா, கண்ணாடித் துண்டா என்று அரை மணி நேரம் பேசுவார்கள். எனக்கும் கொச்சியில் அதுதான் நடந்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எரிவதற்கான காற்று எங்கிருந்து வருகிறது, எரிந்த பின் மிஞ்சுவது எங்கே போகிறது? இந்த ஒன்றில்தான் எல்லா வகைகளும் பிரிகின்றன.

புகைக்குழாயே தேவையில்லை என்று விற்கப்படும் வகை ஒன்று உண்டு. அது அறைக்காற்றை எடுத்து எரித்து, மிச்சத்தையும் அறைக்குள்ளேயே விடும். அறையில் ஆக்சிஜன் சுமார் 18 சதவீதத்துக்கு இறங்கினால் தானாக அணைந்துவிடும் உணரி ஒன்று அதில் இருக்கும் என்பதைச் சொல்லி விற்பார்கள். விலை குறைவு, சுவரை உடைக்க வேண்டாம், வெப்பம் முழுவதும் அறையிலேயே தங்கும் என்பவை உண்மைதான். ஆனால் ஒரு கிலோ எல்பிஜி எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. கூடவே சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடும் வருகிறது. ஜூலை மாதத்தில் சுவரில் பூஞ்சை பூத்து, பெட்டிக்குள் மடித்த கம்பளியும் ஈரவாடை அடிக்கும் ஊரில், ஒவ்வோர் இரவும் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரைக் கூடத்துக் காற்றில் கலப்பதற்கு நானே காசு கொடுப்பதா? இளைப்பு உள்ளவர் இருக்கும் அறைக்கு அது எந்த வகையிலும் பொருந்தாது என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது வகை, அறைக்காற்றை எடுத்து எரித்துப் புகைபோக்கி வழியே மேலே அனுப்புவது. விறகுக் கணப்பின் அதே குறை இதிலும் உண்டு: அறையில் சூடான காற்றையே உறிஞ்சி வெளியே தள்ளும், அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கில் குளிர்காற்று நுழையும். சமையலறையில் புகையை வெளியேற்றும் விசிறி ஓடினால் புகைபோக்கியிலிருந்து காற்று தலைகீழாகக் கீழே இறங்கவும் கூடும். மூன்றாவது வகை, முன்புறம் கண்ணாடியால் முழுக்க மூடப்பட்டது. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே ஒரு குழாயால் இழுத்து, புகையை இன்னொரு குழாயால் வெளியே விடுகிறது. அறைக்காற்றுக்கும் தீக்கும் தொடர்பே இல்லை. விலை இரண்டு மடங்கு; பொருத்தும் வேலையும் இரண்டு மடங்கு. நான் எடுத்தது இதைத்தான்.

அடுத்து அளவு. கூடம் 14 அடிக்கு 12 அடி, உயரம் 9 அடி, பலகை மச்சு. கடைக்காரர் 9 கிலோவாட் அடுப்பைக் காட்டி, மலைக்குளிருக்கு இதுதான் தாங்கும் என்றார். இந்த அளவுள்ள அறையில் அது அரை மணி நேரத்தில் வேர்க்க வைக்கும்; அணைத்து அணைத்து ஏற்ற வேண்டியிருக்கும். 5.2 கிலோவாட் உள்ளீடு கொண்ட அடுப்பையே கேட்டு வாங்கினேன். இந்த ஒரு முடிவில் பின்னால் ஒரு நாளும் வருந்தவில்லை. மின்சாரம் இல்லாமலே இயங்க வேண்டும் என்பது என் இன்னொரு நிபந்தனை. ரிமோட்டும் மின்பொறியும் கொண்டவற்றை விட்டு, பைலட் சுடர் எப்போதும் நின்று எரியும் வகையைத் தேர்ந்தேன். அந்தச் சிறு சுடர் தெர்மோபைல் என்னும் கம்பித்தொகுதியைச் சூடாக்க, அதிலிருந்து பிறக்கும் முக்கால் வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தமே முதன்மை வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. பைலட் அணைந்தால் மின்னழுத்தமும் போய், வால்வு தானே மூடிக்கொள்கிறது.

வாயுவுக்கு ஏஜென்சியில் கேட்டபோது, வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்கென்று தரப்படுவது, கணப்புக்கு 19 கிலோ சிலிண்டரில் தனி இணைப்பு எடுங்கள் என்றார்கள். எடுத்தேன். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. 19 கிலோ சிலிண்டரோடு ஹோட்டல் பர்னர்களுக்கான உயர் அழுத்த ரெகுலேட்டரைக் கொடுத்துவிடுவது சாதாரணம். கணப்புக்குத் தேவை 30 மில்லிபார் தரும் குறைந்த அழுத்த ரெகுலேட்டர். மற்றதைப் பூட்டினால் அடுப்பின் வால்வே சிதையும்.

சிலிண்டரை எங்கே வைப்பது என்பதில் நானும் கொத்தனாரும் ஒரு நாள் முழுக்க வாதிட்டோம். வீட்டின் பின்புறம், மேட்டுப் பக்கத்தில் ஒரு மேடை ஏற்கெனவே இருந்தது. மழை படாது, லாரியிலிருந்து இறக்கவும் எளிது. அவர் அதையே சொன்னார். ஆனால் எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் அது மேலே போகாது. தண்ணீரைப்போலச் சரிவைப் பிடித்துக் கீழே இறங்கி, பள்ளத்திலும் சாக்கடை வாயிலும் தேங்கும். மேட்டுப் பக்கத்தில் கசிந்த வாயுவுக்குச் சரிவின் போக்கில் முதலில் எதிர்ப்படுவது எங்கள் சமையலறைக் கதவுதான். சமதளத்து ஊர்களில் எழாத இந்தக் கேள்வி, மலைச்சரிவில் வீடு கட்டியவர்களுக்கு முதல் கேள்வியாக இருக்க வேண்டும். முடிவில், வீட்டுக்குக் கீழ்ப்பக்கம், சன்னல்களிலிருந்தும் ஓடையிலிருந்தும் விலகி, திறந்த காற்று ஓடும் இடத்தில் சிமென்ட் மேடை போட்டு, ஆங்கிள் இரும்பில் ஒரு கூண்டு வைத்தோம். கூண்டின் கால்களை ஒன்றரை அடி ஆழத்துக்குக் கான்கிரீட்டில் இறக்கச் சொன்னேன். ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று பழகிய அரிக்கொம்பன் என்னும் காட்டானையை 2023 ஏப்ரலில் சின்னக்கானலிலிருந்து பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள் என்றாலும், இந்தப் பக்கத்தில் ஆனை இறங்குவது நின்றுவிடவில்லை. கூண்டில் என்ன இருக்கிறது என்று அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போகட்டும்; தள்ளிப் பார்த்தால் அசையக் கூடாது.

புகைபோக்கியைச் சுத்தம் செய்ததில் மூன்று சாக்குக் கரி வந்தது. ஈர விறகு எரித்த புகைபோக்கியில் கரியோடு கீல்போன்ற ஒரு பிசினும் ஒட்டியிருக்கும். கம்பித் தூரிகையை மேலிருந்து இறக்கியும் கீழிருந்து குத்தியும் இரண்டு நாள் ஆயிற்று. பாதி உயரத்தில் ஒரு பழைய பறவைக் கூடு இருந்தது. விறகுப்புகை ஏன் திரும்பிற்று என்பதற்கான விடையில் பாதி அதுவாகத்தான் இருக்க வேண்டும். கல்லிடுக்கில் காரை உதிர்ந்த இடங்கள் பல. ஆகவே புகைபோக்கியை அப்படியே நம்பாமல், அதற்குள் மூன்று அங்குல விட்டத்தில் இரண்டு நெளிகுழாய்களை இறக்கினோம். ஒன்று காற்று வர, மற்றொன்று புகை போக.

இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். மாறிப் பொருத்தினால் புகை அடுப்பின் எரியறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து சுடரை அணைக்கும். அதற்காகப் புகைக்குழாயின் இரு முனையிலும் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தேன். கூரைமேல் நின்று கயிற்றால் இழுத்தவர் போடியிலிருந்து வந்திருந்த என் மைத்துனர். அங்கே ஏசி மெக்கானிக். குழாய்கள் நடுவழியில் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டன. மேலே வந்து சேர்ந்தபோது பெயின்ட் முழுவதும் கரியில் தேய்ந்துபோயிருந்தது. "மாமா, ரெண்டுமே கருப்பாத்தான் இருக்கு, எது எதுன்னு எப்படிச் சொல்றது?" என்று மேலிருந்து கத்தினார். நான் கீழே விழித்துக்கொண்டு நின்றபோது, அம்மா பூஜையறையிலிருந்து சாம்பிராணிக் கரண்டியைக் கொண்டுவந்து நீட்டினார். புகைக்குழாயின் கீழ்வாயில் அதைப் பிடித்தோம். அரை நிமிடத்தில் மேலே ஒரு குழாயில் மட்டும் புகை எழுந்தது. அதில் உடனே கம்பி கட்டி அடையாளம் வைத்தார். பெயின்டை நம்பாதீர்கள், முனையில் இரண்டு வெட்டுப் போட்டு வையுங்கள்.

குழாய்களைச் சுற்றி மீதியுள்ள வாயை இரும்புத் தகடால் மூடி, தகட்டின் மேல் வெப்பத்தைத் தடுக்கும் ராக்வூல் என்னும் கல்லிழைப் பஞ்சைத் திணித்தோம். இதைச் செய்யாவிட்டால் அறையின் வெப்பம் பழைய வழியிலேயே ஏறிப்போய்விடும். கணப்புக்கு மேல் இருந்த பலாப்பலகைத் தட்டு, கையேட்டில் எரியும் பொருளுக்குச் சொல்லப்பட்ட இடைவெளிக்குள் வந்ததால், அதைப் பெயர்த்து ஆறு அங்குலம் உயர்த்த வேண்டியிருந்தது. டிவியை அங்கேதான் மாட்ட வேண்டும் என்று மகன் எர்ணாகுளத்திலிருந்து போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்தச் சுவரின் வெப்பத்தைத் தொட்டுப் பார்த்த பிறகு அவனே அந்தப் பேச்சை விட்டான்.

கூண்டிலிருந்து கணப்புவரை ஒன்பது மீட்டர் தூரத்துக்கு 15 மி.மீ. காப்பர் குழாய். சுவருக்குள் புதைக்காமல் வெளிப்படையாகக் கிளாம்ப் அடித்து, சுவரைத் துளைக்கும் இடத்தில் மட்டும் ஒரு உறைக்குழாய்க்குள் கொண்டுபோனோம். வழியில் இணைப்புகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கூண்டருகே ஒரு பந்து வால்வும், கணப்பின் அருகே கைக்கெட்டும் இடத்தில் இன்னொன்றும் வைத்தோம்.

இந்த வேலையில் நான் அதிகம் கற்றது கசிவுச் சோதனையில்தான். கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான குழாயை வாங்கி, ஆங்கில 'யு' எழுத்துப்போல வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றி, கண்ணுக்குத் தெரிய ஒரு சிட்டிகை மஞ்சள் கலந்தோம். ஒரு முனையைக் காப்பர் குழாயோடு இணைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றை ஏற்றினால், இரு பக்கத்து நீர்மட்டத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசமே அழுத்தம்: 30 மில்லிபார் என்பது ஏறத்தாழ 300 மி.மீ. வித்தியாசம். வால்வை மூடி, பென்சிலால் கோடு போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது.

பத்து நிமிடத்தில் 20 மி.மீ. இறங்கியது. எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவினோம். ஒரு குமிழிகூட எழவில்லை. மைத்துனர் இணைப்புகளை மறுபடி இறுக்கினார். திரும்பி வந்து பலகையைப் பார்த்தால், இறங்கிய தண்ணீர் தானாகவே கோட்டுக்குமேல் ஏறி நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெளியே போய் நின்ற பிறகுதான் புரிந்தது: வெளிச்சுவரில் ஓடும் குழாயின்மேல் வெயில் விழுவதும் மேகம் மறைப்பதுமாக இருந்தது. மூடிய குழாய்க்குள் இருக்கும் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தாலே, இந்த உயரத்தில் நீர்மட்ட வித்தியாசம் சுமார் 30 மி.மீ. அளவுக்கு மாறக்கூடும். நாங்கள் அளந்துகொண்டிருந்தது கசிவை அல்ல, மேகத்தை.

பொழுது சாய்ந்து, வெயிலும் இல்லாமல் குளிரும் இறங்காமல் இருக்கும் அரை மணி நேரத்தில் மறுபடி ஏற்றினோம். இந்த முறை சீராக, பத்து நிமிடத்துக்கு 8 மி.மீ. இறங்கியது; ஏறவே இல்லை. இதுதான் உண்மையான கசிவு. கணப்புக்குப் பின்னால், கை நுழைய மட்டுமே இடமுள்ள மூலையில், விரித்த குழாய் விளிம்பைப் பிடித்து இறுக்கும் ஃப்ளேர் நட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, கடுகளவு நுரைக் குமிழி ஒன்று மெதுவாகப் பெருத்து உடைந்து மறுபடி பெருத்தது. கழற்றிப் பார்த்தால், விரித்த காப்பர் விளிம்பில் நகம் பட்டதுபோல ஒரு கீறல். வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக விளிம்பு விரித்துப் பூட்டினோம். அடுத்த அரை மணி நேரம் மஞ்சள் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. இணைப்புகளை எவ்வளவு இறுக்கினாலும் கீறல் போகாது. இறுக்குவதற்கு முன் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் கொச்சியிலிருந்து கடையின் டெக்னீஷியன் வந்தார். பைலட் எரிந்தது, முதன்மை பர்னரைத் திறந்ததும் சுடர் ஓரடிக்குமேல் மஞ்சளாகக் கொழுந்துவிட்டுக் கண்ணாடியை நக்கியது. ஐந்து நிமிடத்தில் கண்ணாடியின் மேல்பாதி கருத்துவிட்டது. "புது அடுப்பு மாஷே, கொஞ்ச நேரம் எரிஞ்சா சரியாகும்" என்றார் அவர். எனக்கு மனம் ஒப்பவில்லை, அணைக்கச் சொன்னேன். அட்டைப்பெட்டியின் மேல் எல்பிஜி என்றுதான் ஒட்டியிருந்தது. ஆனால் அடுப்பின் கீழ்த்தட்டைத் திறந்து உள்ளே இருந்த தகட்டைப் படித்தால், இயற்கை எரிவாயு, 20 மில்லிபார் என்று அச்சிட்டிருந்தது. வாயு பீய்ச்சி வரும் சிறு துளையுள்ள ஜெட்டைக் கழற்றி, டிரில் பிட்டுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தோம். 1.7 மி.மீ. பிட் தாராளமாக உள்ளே போயிற்று. எல்பிஜிக்குக் கையேடு சொல்வது 1.2 மி.மீ. அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் வாயு பாய்வது துளையின் பரப்பைப் பொறுத்தது, அது இங்கே சரியாக இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு வாயுவுக்குப் போதிய காற்று கிடைக்காததால்தான் அந்த மஞ்சளும் கரியும்.

கடையோடு மூன்று வாரம் போனில் போராட்டம். முதலில் சிலிண்டர் வாயுவின் தரத்தைக் குறை சொன்னார்கள். தகட்டைப் படம் எடுத்து அனுப்பியதும் பேச்சு மாறியது. அந்த இடைவெளியில் கையேட்டின் பின்பக்கங்களைப் பொறுமையாகப் படித்தேன்; அப்போதுதான் உயரத்துக்கென்று தனி அட்டவணை ஒன்று இருப்பது கண்ணில் பட்டது. நாங்கள் இருக்கும் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 18 சதவீதம் குறைவு. ஒரு கொள்ளளவுக் காற்றில் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. அதனால் 2,000 அடிக்குமேல் உள்ள இடங்களில், கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் 4 சதவீதம் வீதம் அடுப்பின் உள்ளீட்டைக் குறைக்க வேண்டும் என்பது அமெரிக்க விதிநூல்களில் உள்ள கணக்கு. எங்களுக்கு அது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக வருகிறது. கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. கொச்சிக் கடற்கரையில் இருப்பவருக்கு அது தேவைப்பட்டிருக்காது. அட்டவணைப்படி 1.1 மி.மீ. ஜெட்டும், அதற்குரிய பைலட் ஜெட்டும் கேட்டு வாங்கினேன். தாங்களாகவே ஜெட்டைத் துளைத்துப் பெரிதாக்குவதோ, ஈயம் வைத்து அடைப்பதோ கூடவே கூடாது. அடுப்பு செய்தவர்கள் தரும் ஜெட்டைத்தான் போட வேண்டும்.

இரண்டாம் முறை அதே டெக்னீஷியன் வந்து ஜெட்டுகளை மாற்றி, காற்றுத் தடுக்கைச் சிறிது சிறிதாகத் திறந்தார். முழுக்க நீலமாக எரிந்தால் வெப்பம் உண்டு, ஆனால் அடுப்பங்கரை ஸ்டவ்வைப் பார்ப்பதுபோல இருக்கும்; கூடுதலாக மூடினால் கரி படியும். அடியில் நீலமும் நுனியில் மென்மஞ்சளுமாக நின்ற இடத்தில் திருகை இறுக்கினார். பீங்கான் விறகுகளைக் கையேட்டுப் படத்தில் உள்ளபடியே அடுக்க வேண்டும். ஒரு கட்டை சுடரின் குறுக்கே அரை அங்குலம் நகர்ந்தாலும் அங்கே கரி பிடிக்கிறது. முதல் நான்கு மணி நேரம் பெயின்ட் சுட்டு இறுகும் வாடை தாங்கமுடியாது என்பதால் சன்னல்களைத் திறந்துவைத்து, அம்மாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினோம். கண்ணாடி ஆறிய பின் அதில் படிந்த வெண்படலத்தைத் துடைத்தோம். எரியும்போது அந்தக் கண்ணாடி இருநூறு டிகிரியைத் தாண்டிச் சூடாகும். கூடவே வந்த கம்பிவலைத் தடுப்பை அழகு கெடுகிறது என்று யாரும் கழற்றி வைக்கக் கூடாது.

எச்சரிக்கைக் கருவிகள் இரண்டு வைத்தோம்; இரண்டுக்கும் இடம் வேறு. எல்பிஜி கசிவைக் காட்டுவது தரையிலிருந்து ஓரடிக்குள். கார்பன் மோனாக்சைடைக் காட்டுவது அம்மாவின் கட்டிலருகே, தூங்குபவரின் மூச்சு மட்டத்தில். அந்த வாயு கிட்டத்தட்டக் காற்றின் எடையே உள்ளது, தரையில் தேங்காது.

முதல் இரவில் வெளியே 6 டிகிரி இருந்தபோது கூடம் ஒன்றரை மணி நேரத்தில் 12 டிகிரியிலிருந்து 19-க்கு ஏறியது. அம்மா கம்பளியைத் தோளிலிருந்து நழுவவிட்டு, "சூடு என்னமோ நல்லாத்தாம்லே இருக்கு. ஆனா வெறகு வெடிக்கிற சத்தமே இல்லையே" என்றார். செலவு எவ்வளவு என்று கேட்டார். அடுப்பின் விலையை மட்டும் சொன்னேன். குழாய்களும் கூலியும் அதில் பாதிக்குமேல் ஆயின என்பதை இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி நடுவில் ஒரு விடியற்காலையில், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருந்தபோது, சுடர் சிறுத்துக்கொண்டே போயிற்று. சிலிண்டர் காலியாகிவிட்டது என்று எண்ணித் தூக்கினால் பாதிக்குமேல் கனத்தது. அதன் வெளிப்புறத்தில் திரவம் நிற்கும் மட்டம்வரை வெள்ளைப்பனி பூத்திருந்தது. நம் சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. புரொப்பேன் −42 டிகிரியிலும் கொதிக்கும். பியூட்டேனின் கொதிநிலையோ சுமார் −0.5 டிகிரி. திரவம் ஆவியாகும்போது தன் வெப்பத்தையே இழந்து குளிர்வதால், வெளியே 3 டிகிரி இருக்கும் இரவில் மணிக்கணக்கில் வாயு எடுத்தால் சிலிண்டர் உறைநிலைக்குக் கீழே போய்விடும். புரொப்பேன் முன்னதாக வெளியேற, பின்னால் பியூட்டேன் எழமுடியாமல் கிடக்கும். வெந்நீர் ஊற்றலாம் என்று ஒருவரும், கூண்டுக்கு அருகே கங்கு வைக்கலாம் என்று ஒருவரும் யோசனை சொன்னார்கள். சிலிண்டரைச் சூடாக்குவது எந்த வகையிலும் ஆபத்து. இரண்டு சிலிண்டர்களை ஒரே நேரத்தில் ஒரு பொதுக்குழாயில் இணைத்தோம். ஒவ்வொன்றிலிருந்தும் பாதி வாயுவே எடுக்கப்படுவதால் குளிர்வதும் பாதியாயிற்று. அதன்பின் சுடர் ஒருமுறையும் தளரவில்லை.

தொங்குதராசில் சிலிண்டரை நிறுத்துப் பார்த்ததில், முழுச்சுடரில் மணிக்கு 310 கிராம் செலவாகிறது. மாலையில் மூன்று மணி நேரமும் விடியலில் ஒன்றரை மணி நேரமும் எரித்தால் நாளுக்கு 1.4 கிலோ, 19 கிலோ சிலிண்டர் பதின்மூன்று நாள் வரும். சுடரைத் தாழ்த்தி எரிக்கப் பழகியபின் அது பதினாறு, பதினேழு நாளாக நீண்டிருக்கிறது. மார்ச் முதல் மே வரை பைலட்டையும் அணைத்துவிடுகிறேன்.

அப்படி அணைத்து வைத்த பைலட் இந்த ஜூன் முதல் வாரத்தில் எரிய மறுத்தது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் சுடர் தோன்றும்; விட்டால் அணையும். தெர்மோபைல் போய்விட்டது, புதிது வரவழைக்க வேண்டும் என்று போனில் சொன்னார்கள். கண்ணாடியைக் கழற்றி, பைலட்டின் காற்றுத்துளையில் டார்ச் அடித்துப் பார்த்தேன்: உள்ளே ஒரு சிலந்தி, வெள்ளைப் பஞ்சுபோல வலை பின்னிக் குடியிருந்தது. காற்றுக் குறைந்ததால் சுடர் சோம்பி, தெர்மோபைலைத் தொடாமல் வளைந்திருக்கிறது. பழைய பல்தூரிகையால் வலையை எடுத்து, சைக்கிள் பம்பால் ஊதிவிட்டு மறுபடி அழுத்தினேன். மூன்றாவது முறையில் பிடித்துக்கொண்டது. கண்ணாடியைத் திரும்ப மாட்டும்போது அதன் விளிம்பை அடைக்கும் நாடாவில் இரண்டு அங்குலம் பிய்ந்திருந்ததைக் கவனித்தேன். புதிய நாடாவுக்குச் சொல்லியிருக்கிறேன், அது வரும்வரை கணப்பை ஏற்றப்போவதில்லை.